முப்பத்தோராம் நாளும் முதற்பெயரும்

அண்மையில் டோர்ட்மண்ட் நகரின் வடபகுதியில் எம்மவர் ஒருவரின் வீட்டில் நடைபெற்ற துடக்குக் கழிவுக்கு நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் ஆகியிருந்தது. மகளின் பிள்ளைப்பேற்றுக்கென ஊரிலிருந்து புறப்பட்ட அம்மம்மா, வீசா தாமதித்தமையால் முதல்நாள் இரவே வந்து சேர்ந்திருந்தார். பேரனை மடியிற் கிடத்தியவாறு, "தம்பி, பிள்ளைக்கு என்ன பேர் வைச்சிருக்கிறியள்?" என்று மருமகனைக் கேட்டார்.

"றியான், மாமி."

"அதுக்கு என்ன கருத்து?"

"கருத்தெண்டு ஒண்டும் இல்லை. சின்னப் பேர். இஞ்சத்தை ஆக்களின்ரை வாயிலையும் வரும்."

அம்மம்மா மறுபேச்சுப் பேசவில்லை. சிறிது நேரத்தில் "ராசா, என்ரை ராசா" என்று பிள்ளையைக் கொஞ்சத் தொடங்கினார். அன்று மாலை நாம் விடைபெறும் வரை அவர் வாயில் அந்தப் பெயர் வரவேயில்லை.

அந்த வீட்டாரைக் குறை கூறுவதற்காக இதனை நாம் எழுதவில்லை. எமது பத்திரிகைக்கு வரும் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரங்களை ஒப்புநோக்குவது எமது அன்றாடப் பணிகளுள் ஒன்று. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் மறுநாட் காலை தொலைபேசி ஓயாது ஒலிக்கும் ஆதலால் அப்பெயர்களை நாம் எழுத்தெழுத்தாகவே படிக்கிறோம். ஒரு தலைமுறைக்கு முன்னர் நிரோஷன், தர்ஷன், சுஜீபன், தனுஷா, அபிஷா என்று நிறைந்திருந்த பகுதியில் இன்று ஈரசைப் பெயர்கள் மலிந்துள்ளன. றியான், கியான், ஆரியன், லியா, மிலா, மாயா என்பன ஒருபுறம். நிலா, இனியா, யாழினி, ஆதிரை, கவின், ஆதன், அகரன் என்பன மறுபுறம். ஒரே வீட்டில் மூத்தவள் யாழினியாகவும் இளையவன் கியானாகவும் இருப்பதையும் காண்கிறோம். எம்மவர் எந்தப் பக்கம் திரும்புவது என்று இன்னும் முடிவு செய்யாத நிலையையே இது காட்டுகிறது.

மருமகன் கூறிய விடையில் இரண்டு காரணங்கள் உள்ளன. பெயர் சிறிது என்பது ஒன்று. இந்நாட்டார் வாயில் வரும் என்பது மற்றது.

முதலாவது காரணம் எளிதிற் தீரக்கூடியது. தமிழ்ப் பெயர் என்றால் நீளமானது என்று எம் இளைஞர்க்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. கடையெழு வள்ளல்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: பாரி, ஓரி, காரி, ஆய், நள்ளி, பேகன். அதியமான் ஒருவனே சற்று நீண்டவன். அவனையும் அதிகன் என்று சுருக்கி வழங்கியிருக்கிறார்கள். கீழடியில் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி எழுத்துகளில் ‘ஆதன்’ என்ற பெயர் காணப்படுகிறது. தன் பானையிலே தன் பெயரைக் கீறி வைத்த ஒரு மனிதனின் பெயர் அது. டோர்ட்மண்டில் ஒரு பாலர் பாடசாலையின் சட்டை மாட்டும் கொழுவியின் மேல் இன்று அதனை எழுதி ஒட்டினால் எந்த ஆசிரியைக்கும் அது இடர் தராது. சிவபாதசுந்தரம், பாலசுப்பிரமணியம் போன்ற பெயர்கள் பிற்காலத்தில் வடமொழித் தொடர்களைக் கோத்து ஆக்கப்பட்டவை. அவற்றையும் ஊரில் எவரும் முழுமையாக அழைத்ததில்லை. மரண அறிவித்தலைப் படித்த பின்னரே குஞ்சண்ணையின் முழுப்பெயர் இன்னதென்று அயலார் அறிந்துகொண்ட கதைகள் பல உண்டு.

இவ்விடத்தில் நிரோஷன், தர்ஷன் தலைமுறைக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாம் விரிவுரை மண்டபத்தில் வரவு இடாப்பை வாசித்த காலத்தில் இப்பெயர்களைக் கேட்டு மூத்த பேராசிரியர்கள் முகஞ்சுழிப்பதுண்டு. பொருளற்ற ஒலிகள் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின், ஒடுக்கப்பட்ட சாதியார் தம் பிள்ளைகளுக்குப் ‘பிள்ளை’ என்றும் ‘அம்மா’ என்றும் முடியும் பெயர்களைச் சூட்ட உயர்குடியினர் இடங்கொடாத காலமொன்று அதே யாழ்ப்பாணத்தில் இருந்தது. பெயரைக் கேட்டதும் ஊரையும் சாதியையும் ஊகித்துவிடும் வழக்கம் அண்மைக் காலம் வரை மறையவில்லை. நிரோஷன் என்ற பெயரை வைத்துக்கொண்டு எவரும் எதனையும் ஊகிக்க முடியாது. அப்பெயர்களைத் தேர்ந்த பெற்றோர் சிலருக்கேனும் இந்த எண்ணம் இருந்திருக்கும். தமிழ்ப் பெயர் வேண்டும் என்று இன்று எழுதுகின்ற நாம் இதனை மறந்துவிட்டு எழுதக்கூடாது.

இனி இரண்டாவது காரணம். டொச் வாய் எம் பெயர்களைச் சிதைக்கிறது என்பது எங்கும் கேட்கும் முறைப்பாடு. சிதைப்பது வாயா எழுத்தா என்று நாம் நின்று நோக்குவதில்லை. எம் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதும் முறையை எமக்குப் பழக்கியவர்கள் ஆங்கிலேயர். அவர்களின் காதுக்கு அமைந்த எழுத்துக்கூட்டலைக் கடவுச்சீட்டிற் சுமந்துகொண்டு நாம் ஜேர்மனிக்கு வந்தோம். வகரத்துக்கு நாம் இடும் எழுத்துக்கு இங்கே ‘ஃபௌ’ என்று பெயர்; தம் சொந்தச் சொற்களில் அதனைப் பெரும்பாலும் ‘ஃப’ என்றே இவர்கள் ஒலிப்பர். ஆகவே வாணி ‘ஃபானி’ ஆகிறாள். தகரத்துக்கு நாம் இடும் இரட்டை எழுத்து இவர்களுக்கு வெறும் டகரம். சுதா ‘சூட்டா’ ஆகிறாள். ழகரத்துக்கு இடும் கூட்டின் முதலெழுத்து இவர்களுக்கு ‘ட்ஸ’ ஆதலால் யாழினி ‘யாட்ஸினி’ ஆகிறாள். ஜெயந்தி ‘யெயந்தி’ ஆகிறாள். இந்தக் கடைசி மாற்றத்தைப் பற்றி முறையிட எமக்கு அதிகம் தகுதியில்லை. பங்கஜத்தைப் பங்கயம் ஆக்கிய மொழிக்கு உரியவர்கள் நாம். ஜூலையை இன்றும் யூலை என்றே அச்சிடுகிறோம்.

ஆக, பிழை எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. நாமோ பெயரையே கைவிடுகிறோம். வகரத்துக்கு டொச்சில் ‘வே’ என்ற எழுத்து இருக்கிறது. வாணியை அவ்வெழுத்தால் எழுதினால் ஆசிரியை வாணி என்றே படிப்பார்; இலண்டனில் இருக்கும் சித்தப்பாவும் ரொறன்ரோவில் இருக்கும் மாமியும் அதனை வகரத்துக்கு அணித்தாகவே ஒலிப்பர். யாழினியின் ழகரத்தை லகரத்துக்குரிய எழுத்தால் எழுதுவது தமிழ்க் கொலை என்று சிலர் சினக்கக்கூடும். யாழ்ப்பாணத்தாராகிய எம்மிற் பலர் அதனை ளகரமாகவே ஒலிக்கிறோம் என்பதை அவர்களுக்குப் பணிவுடன் நினைவூட்டுகிறோம். வேறு சில பெயர்களுக்கு இந்தச் சூழ்ச்சி எதுவும் வேண்டியதில்லை. வீஸ்பாடனில் உள்ள ஜேர்மன் மொழிச் சங்கம் 1977 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டு வரும் பெயர்ப் பட்டியல்களில் அண்மைய ஆண்டுகளில் மிலா முன்வரிசையில் நின்று வந்திருக்கிறது. மிலாவுக்கும் நிலாவுக்கும் இடையே ஓர் எழுத்தே வேறுபாடு. மிலாவை அழைக்கத் தெரிந்த வாய்க்கு நிலாவை அழைக்கத் தெரியாதா?

பெற்றோர் இவற்றை அறியாதவர்கள் அல்லர். அவர்களை வாட்டுவது ஒலி பற்றிய கவலை மட்டுமன்று. 1983 யூலையிற் கொழும்பில் காடையர் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழரின் வீடுகளைத் தேடிச் சென்றனர். இடாப்பில் அவர்கள் தேடியது பெயரை. பின்வந்த ஆண்டுகளில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நாம் நீட்டிய அடையாள அட்டையிற் படையினர் முதலிற் பார்த்ததும் பெயரை. இந்த ஜேர்மனியிலும் பெயரைக் கொண்டு மனிதரைப் பிரித்த காலமொன்று இருந்தது. 1938 ஆகஸ்டில் நாசி அரசு பிறப்பித்த ஆணையொன்றின்படி, அரசு ஏற்ற யூதப் பெயர் இல்லாத யூத ஆண்கள் அனைவரும் 1939 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து ‘இஸ்ரேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் தம் பெயரோடு சேர்த்து எழுத வேண்டியவராயினர். ஒரு பெயர் எதற்கெல்லாம் பயன்படும் என்பதை அறிந்த மக்கள் தம் பிள்ளைக்கு எவருக்கும் அடையாளம் தெரியாத பெயரொன்றைத் தேடுவதை நாம் பரிகசிக்க முடியாது.

அச்சத்துக்கு இன்றைய காரணமும் உண்டு. கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தகைமையில் ஒத்த விண்ணப்பங்களை ஜேர்மன் பெயர்களிலும் துருக்கியப் பெயர்களிலும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வேலைப் பயிற்சி இடங்களுக்கு அனுப்பிப் பார்த்தனர். ஜேர்மன் பெயருக்குச் சாதகமான பதில் கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதலாக இருந்தது. சிறிய நிறுவனங்களில் இது 24 சதவீதம். பிள்ளையின் நன்மைக்காகவே மேலைநாட்டுப் பெயர் வைத்தோம் என்போர் இதனைச் சான்றாகக் காட்டலாம்.

காட்டட்டும். ஆனால் விண்ணப்பத்தில் முதற்பெயர் மட்டுமா இருக்கிறது? லியா என்று பெயரிட்டாலும் அதற்கருகே பாலசுப்பிரமணியம் நிற்கத்தானே போகிறது? போதாக்குறைக்கு, இந்நாட்டாரின் பெயர்களுக்குள்ளும் மேடு பள்ளங்கள் உண்டு. அவை வெளியிலிருந்து வந்தவர் கண்ணிற்குப் புலப்படுவதில்லை. 1991 இல் ஜேர்மனியில் ஆண் குழந்தைப் பெயர்களுள் முதலிடம் பெற்றது கெவின். அக்காலத்தில் எம்மவர் சிலரும் இது நல்ல ஐரோப்பியப் பெயரென்று அதனை விரும்பிச் சூட்டினர். 2009 இல் ஓல்டன்பேர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களின் முற்சாய்வுகள் பற்றி நிகழ்ந்த ஆய்வு, கெவின் என்ற பெயரைக் கண்டதுமே படிப்பிற் பின்தங்கிய, குழப்படிகாரப் பிள்ளை என ஆசிரியர் பலர் எண்ணுவதை வெளிப்படுத்தியது. கவின் என்று வைத்திருந்தால் அழகு என்று பொருள் சொல்லியிருக்கலாம். (கவினையும் கெவின் என்று எழுதிவிடும் எழுதுவினைஞர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.)

குடும்பப் பெயரைப் பற்றி இங்கே சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். எம் மரபில் அப்படியொன்று இல்லை. தந்தை பெயர் முன்னிற்கும், தன்பெயர் பின்னிற்கும். அடுத்த தலைமுறையில் பாட்டன் பெயர் தானாக உதிர்ந்துவிடும். 1980களின் முற்பாதியில் கிழக்கு பெர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பெர்லினுக்குட் சென்று தஞ்சங் கோரிய எம்மவரின் முன்னே ஒரு படிவம் நீட்டப்பட்டது. அதில் முதற்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருந்தன. எழுதியவருக்கும் விளங்கவில்லை, சொன்னவருக்கும் விளங்கவில்லை. அண்ணனுக்குத் தந்தை பெயர் குடும்பப் பெயராயிற்று. தம்பிக்குத் தன்பெயரே குடும்பப் பெயராயிற்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நிறுவுவதற்குச் சத்தியக் கடதாசி தேடி அலைந்தவர்கள் எத்தனை பேர்! எம்மையே ஓர் அலுவலகம் பல ஆண்டுகளாக எம் தந்தையாரின் பெயரால் விளித்துக் கடிதம் அனுப்பி வந்தது. ஊரில் அவர் காலமான வாரத்திலும் அவர் பெயருக்கு ‘மதிப்புக்குரிய’ என்ற அடைமொழியோடு கடிதமொன்று வந்தது. அதனைப் பிரிக்க எமக்குச் சில நாட்கள் சென்றன.

2007 முதல், வேற்று நாட்டுச் சட்டப்படி பெயர் பெற்றுப் பின்னர் ஜேர்மன் சட்டத்தின் கீழ் வந்தவர்கள், எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று பதிவகத்திற் தாமே அறிவிக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. இன்னொரு செய்தியும் உண்டு. வடகடலோரத்து ஃபிரீசிய மக்களிடமும் முன்னர் எம்மைப் போன்றே தந்தை பெயரைச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. கிழக்கு ஃபிரீசியாவில் 1811 இல் நெப்போலியனின் ஆணை நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது. 2025 மே முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த புதிய பெயர்ச் சட்டம், தாய் அல்லது தந்தையின் முதற்பெயரிலிருந்து பிள்ளையின் குடும்பப் பெயரை ஆக்கிக்கொள்ளும் உரிமையை ஃபிரீசியச் சிறுபான்மையினருக்கு வழங்கியிருக்கிறது. எம்மவரிடம் கண்டபோது குறைபாடு எனக் குறிக்கப்பட்ட வழக்கம், இங்கே ஒரு மக்களின் மரபு என மதிக்கப்பட்டுள்ளது.

எம்மவரிற் பெரும்பாலோர்க்கோ பெயர் உறைந்துவிட்டது. கோப்பாயிற் புகையிலைத் தோட்டஞ் செய்த ஒரு கந்தையா, கடல் கடக்காமலே டோர்ட்மண்டில் ஒரு குடும்பத்தின் முதுமூதாதை ஆகிவிட்டார். அவருடைய பூட்டப்பிள்ளைகளும் கந்தையாக்களே. இந்நகருக்கு இது புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்யக் கிழக்கிலிருந்து வந்து ரூர்ப் பகுதியிற் குடியேறிய போலந்து மக்களும் தம் பெயருக்காக இகழப்பட்டனர். பலர் பெயரை மாற்றிக்கொண்டனர். மாற்றாதவர்களின் பெயர்களும் நிலைத்தன. இன்று டோர்ட்மண்டில் எவரையாவது நிறுத்தி, 1966 இல் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற பொருசியா அணியின் பந்துக் காப்பாளர் யார் என்று கேளுங்கள். டில்கொவ்ஸ்கி என்பார்கள். புண்டஸ்லீகாவின் முதலாவது கோலை 1963 இல் அடித்தவர் யார் என்றால் கொனியெட்ஸ்கா என்பார்கள். அவை வேற்றூர்ப் பெயர்கள் என்று இங்கு எவருக்கும் தோன்றுவதில்லை. கந்தையாவும் ஒரு நாள் அவ்வாறாகலாம்.

ஆகவே, பெற்றோர் கையில் எஞ்சியிருப்பது முதற்பெயர் ஒன்றே. அதிலே அரசு அதிகம் தலையிடுவதில்லை. பிள்ளையின் நலனுக்குக் கேடான பெயரையே பதிவாளர் மறுக்கலாம். பெயர் ஆணா பெண்ணா என்று காட்ட வேண்டும் என்று முன்னர் வற்புறுத்தி வந்தனர். இந்திய வழித் தந்தை ஒருவரும் அவர் துணைவியாரும் தம் மகளுக்குக் கிரண் என்று பெயரிட விரும்பியபோது, அது ஆணுக்கும் உரிய பெயர் என்று மறுக்கப்பட்டது. வழக்கு கார்ல்ஸ்றூவ அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. 2008 டிசெம்பரில் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் பெற்றோர் ‘கரீன்’ என்று மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. இன்று எமது எழில்களும் கவின்களும் எதிர்க்கேள்வியின்றிப் பதிவாவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

காலமும் எமக்குப் பகையன்று. பிறப்பை ஒரு வாரத்துள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் முடிவாகவில்லையெனில் அதனை ஒரு மாதத்துள் அறிவிக்கலாம் என்பதும் அதே சட்டமே. எமது முப்பத்தோராம் நாளுக்கும் அம்மாதத்துக்கும் அதிக வேறுபாடில்லை. இதனை அறியாமல், மகப்பேற்று விடுதியிற் தாதி படிவத்தை நீட்டியவுடன் கைத்தொலைபேசியிற் தேடி, எண் சாத்திரக்காரர் கூட்டச் சொன்ன எழுத்தையும் கூட்டி, அவசரமாகப் பெயர் எழுதிக் கொடுப்போரைப் பார்க்கிறோம். நட்சத்திர எழுத்திற்தான் பெயர் தொடங்க வேண்டும் என்பதும் ஒரு தொல்லை. திருவாதிரையிற் பிறந்த பிள்ளைக்குப் பஞ்சாங்கம் தரும் எழுத்துகளுள் ஒன்று ஙகரம். அதிலே தொடங்கும் பெயரொன்றை எவரேனும் கண்டுபிடித்தால் எமக்கும் அறியத்தரவும்.

வேற்று மொழிப் பெயரே ஆகாது என்பது எம் கட்சியன்று. யோசேப்பைச் சூசையாகவும் பேதுருவை இராயப்புவாகவும் பவுலைச் சின்னப்புவாகவும் மாற்றித் தம் வாய்க்கு உரியதாக்கிக் கொண்டவர்கள் எம் கத்தோலிக்க முன்னோர். 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியிலும் அதனைச் சார்ந்த அமெரிக்க மிஷன் பாடசாலைகளிலும், உதவிப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களை மாணவர்களுக்குச் சூட்டினர். சோற்றுக்கும் படிப்புக்குமாகப் பெற்ற பெயர்கள் அவை. அவ்வாறு ஆர்னல்ட் ஆனவர் சதாசிவம்பிள்ளை என்பதையும் விடாது வைத்துக்கொண்டு 1886 இற் பாவலர் சரித்திர தீபகத்தை எழுதித் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைக் காத்துத் தந்தார். றியான் என்ற பிள்ளையும் நாளை அவ்வாறு எதனையாவது செய்யக்கூடும்.

எமக்குள்ள கவலை வேறு. பத்து வயதில் அப்பிள்ளை தன் பெயரைப் பற்றிக் கேட்கும். வகுப்பில் ஒவ்வொருவரும் தம் பெயரின் கதையைச் சொல்லும் நாள் ஒன்று வரும். ஆதிரையின் தாய் மார்கழித் திருவாதிரையைச் சொல்லலாம். அகரனின் தந்தை கரும்பலகையில் ஓர் எழுத்தை எழுதிக் காட்டலாம். ‘இஞ்சத்தை ஆக்களின் வாயில் வரும்’ என்பதை மட்டும் விடையாகப் பெறும் பிள்ளை அதற்கு மேல் என்ன கேட்க முடியும்? பெயர் வைக்கும் முன்னர் ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்; அம்மம்மாவால், அப்பம்மாவால் அப்பெயரைச் சொல்லி அழைக்க முடிகிறதா என்று கேளுங்கள். எம் தமிழ்ப் பாடசாலைகள் முதலாம் வகுப்பில் ‘அம்மா’, ‘ஆடு’ என்பவற்றுக்கு முன்னர் பிள்ளையின் பெயரையும் அதனைச் சூட்டியவர் யார், ஏன் சூட்டினார் என்பதையும் எழுதப் பழக்கலாம். ஏற்கெனவே றியான் என்று பதிந்துவிட்ட பெற்றோர் எதனையும் மாற்ற வேண்டியதில்லை. ஏன் அப்பெயரை வைத்தோம் என்ற உண்மைக் கதையை, அந்த அச்சத்தையும் சேர்த்து, ஒரு நாள் பிள்ளைக்குச் சொன்னாற் போதும்.

அக்குடும்பத்தை அடுத்த வெள்ளிக்கிழமை ஹம் காமாட்சி அம்பாள் கோயிலில் மறுபடியும் கண்டோம். 2002 யூலையிற் குடமுழுக்கு நிகழ்ந்த அக்கோயிலுக்கு டோர்ட்மண்டிலிருந்து எம்மவர் பலர் செல்வது வழக்கம். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள், "பிள்ளையின்ரை பேர், நட்சத்திரம்?" என்று கேட்டார். மருமகன் வாய் திறக்கு முன்னரே அம்மம்மா சொல்லிவிட்டார்: "ராசன், அவிட்டம்."

மருமகன் சிரித்தாரேயன்றித் திருத்தவில்லை. குருக்கள் அந்தப் பெயரைச் சொல்லியே அர்ச்சனை செய்தார்.